நட்சத்திர வீரருக்குக் கொடுக்கும் பணம் அணிக்குத் திரும்பி வருகிறதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகில் ஆடும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 2023 டிசம்பரில் ஜப்பானிய நட்சத்திர வீரர் ஷோஹெய் ஓட்டானிக்குப் பத்து ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்தது. அவர் பெயர் போட்ட சட்டைகள் விற்கிற விற்பனையிலேயே அந்தப் பணம் திரும்பிவிடும் என்கிறார் உங்கள் நண்பர். உங்களுக்கு அதில் நம்பிக்கையில்லை. சட்டையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் கேள்வி சட்டையோடு முடிவதில்லை. ஒரு வீரரால் உண்டாகும் பணம் எவ்வளவு என்பது ஒன்று. அதில் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் அணியின் கையில் தங்குவது எவ்வளவு என்பது வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பெரும்பாலான வாதங்கள் திசைமாறுகின்றன. விளையாட்டுப் பொருளாதாரத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தத் தொகை, பார்வையாளர் எண்ணிக்கை, லீகுக்குக் கட்டும் வரி ஆகிய மூன்றும் பொதுவில் அறியப்பட்டவை, அவற்றை நம்பலாம். விளம்பரதாரர்கள் தரும் தொகை அப்படியல்ல. மேஜர் லீகின் 30 அணிகளில் பெரும்பாலானவை தனியார் உடைமை, அவற்றின் வரவுசெலவு வெளியே வருவதில்லை. பங்குச்சந்தையில் இருக்கும் அட்லாண்டா பிரேவ்ஸும், ரோஜர்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான டொராண்டோ புளூ ஜேஸும் ஓரளவு விதிவிலக்கு. ஆகவே இனி வரும் கணக்குகளில் செலவுப் பக்கம் உறுதியானது என்றும், வரவுப் பக்கத்தில் ஒரு பகுதி மதிப்பீடு என்றும் கொள்ளுங்கள்.

சட்டைக்கு வருவோம். அணிகளின் பெயரும் சின்னமும் தாங்கிய பொருள்களுக்கான உரிமத் தொகை பொதுவான ஒரு கணக்கில் சேர்ந்து, 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. ஒசாகாவில் ஒருவர் ஓட்டானியின் 17ஆம் எண் சட்டையை வாங்கினால், அந்த உரிமத் தொகையில் டாட்ஜர்ஸுக்குக் கிடைக்கும் அதே பங்கு பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கும் கிடைக்கிறது. சொந்த மைதானத்திலுள்ள கடையில் விற்றால் மட்டும் சில்லறை விற்பனையின் லாபம் அணிக்கு வரும்; 70 கோடிக்கு முன்னால் அது பெரிய தொகையல்ல. ஜப்பானிய ஒளிபரப்பு உரிமையும் இவ்வாறே. ஜப்பானில் எத்தனை கோடிப் பேர் டாட்ஜர்ஸின் ஆட்டங்களைப் பார்த்தாலும், வெளிநாட்டு உரிமையை விற்பது லீக்தான். அந்தப் பணமும் முப்பதாகத்தான் பிரிகிறது. ஓட்டானியால் மிகுதியாக லாபமடைந்தவர்களில் இந்த ஒப்பந்தத்தில் அவருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காத மற்ற 29 அணிகளின் உரிமையாளர்களும் அடங்குவர் என்று நான் சொல்வது அதனால்தான்.

அப்படியானால் அணிக்கென்று மிஞ்சுவது நுழைவுச்சீட்டு, மைதானத்தில் விற்கும் உணவும் பானமும், வாகன நிறுத்தக் கட்டணம், உள்ளூர்த் தொலைக்காட்சி உரிமை, மைதான விளம்பரம் ஆகியவை. டாட்ஜர்ஸின் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒப்பந்தம் 2014இல் தொடங்கியது. 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர் என்று அறிவிக்கப்பட்டது. ஓட்டானி வந்தார் என்பதற்காக அந்தத் தொகை கூடுவதில்லை. நுழைவுச்சீட்டிலும் எண்ணிக்கை பெரிதாக உயர இடமில்லை. அவர் வருவதற்கு முன்பே, 2023இல், ஏறத்தாழ 38 லட்சம் பேர் அந்த மைதானத்துக்கு வந்திருந்தார்கள். 2024இல் அது 39 லட்சத்தைத் தாண்டியது, 2025இல் முதன்முறையாக 40 லட்சத்தைக் கடந்தது. 56,000 இருக்கைகள் கொண்ட மைதானத்தில் 81 ஆட்டங்களுக்கு 45 லட்சமே உச்சம் என்னும்போது, கூட்டத்தைப் பெருக்குவதைவிட இருக்கையின் விலையை உயர்த்துவதில்தான் வழி இருந்தது. உண்மையில் திறந்த பெரிய கதவு விளம்பரம். ஆல் நிப்பான் ஏர்வேஸ், டோயோ டயர்ஸ், டைசோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் வரிசையாக டாட்ஜர்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. அவர் மட்டையுடன் நிற்கும்போது பின்சுவரில் தெரியும் விளம்பரத்தைத் டோக்கியோவில் காலைச் சிற்றுண்டியின்போது பல லட்சம் பேர் பார்க்கிறார்கள். ஒளிபரப்பின் பணம் லீகுக்குப் போனாலும், அந்தச் சுவரின் வாடகை அணிக்கு வருகிறது.

அதுவும் முழுதாக வருவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வோர் அணியும் தன் நிகர உள்ளூர் வருவாயில் 48 விழுக்காட்டைப் பொதுநிதியில் செலுத்த வேண்டும். அந்த நிதி எல்லா அணிகளுக்கும் சமமாகப் பகிரப்படும். ஒரு டாலர் கூடுதலாக ஈட்டினால் 48 சென்ட் போய், அதில் முப்பதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. கையில் நிற்பது 53 அல்லது 54 சென்ட்.

இனிச் செலவு. 70 கோடி என்ற எண்ணே ஒரு மயக்கம். ஒப்பந்தத்தின் பத்து ஆண்டுகளில் ஓட்டானி பெறுவது ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்தான். மீதி 68 கோடியை 2034 முதல் 2043 வரை ஆண்டுக்கு 6.8 கோடியாக, வட்டியின்றி வாங்கிக்கொள்ள அவர் சம்மதித்தார். பின்னாளில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்த்தால் ஒப்பந்தம் ஏறத்தாழ 46 கோடி டாலராகிறது. லீகும் தன் வரிக் கணக்கில் அவரை ஆண்டுக்கு ஏறத்தாழ 4.6 கோடி என்றே எடுத்துக்கொள்கிறது. ஒத்திவைத்த பணத்துக்கு ஈடான தொகையை அணி இப்போதே தனியே ஒதுக்கி வைத்தாக வேண்டும் என்பதால், 'இப்போது சும்மா கிடைக்கிறார்' என்ற பேச்சும் தவறு.

அடுத்தது அந்த வரி. ஐபிஎல்லில் உள்ளதுபோல இவ்வளவுக்குமேல் செலவிடக் கூடாது என்ற உச்சவரம்பு மேஜர் லீகில் இல்லை; குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2024இல் அந்த எல்லை 23.7 கோடி டாலர். டாட்ஜர்ஸின் சம்பளக் கணக்கு 35.3 கோடி. தொடர்ந்து எல்லையைத் தாண்டும் அணி அது என்பதால், படிப்படியாக ஏறும் விகிதத்தின் உச்சியில் அவர்களுக்கு 110 விழுக்காடு. அந்த ஆண்டு அவர்கள் கட்டியது 10.3 கோடி. ஓட்டானியின் 4.6 கோடியை மட்டும் நீக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் அணி உச்ச விகிதத்துக்குள்தான் நிற்கிறது; ஆகவே அவர் பங்குக்கு வரும் வரி முழுவதும் 110 விழுக்காட்டில், அதாவது 5 கோடியைச் சற்றுத் தாண்டி வருகிறது. சம்பளமும் வரியும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 9.7 கோடி டாலர். இதில் ஒரு தகராறுக்கு இடமுண்டு: கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் உச்ச விகிதத்தைக் கட்டுவது நியாயமா, எல்லா வீரர்களுக்கும் பகிர்வது நியாயமா என்று கேட்கலாம். அவரை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு முதல் முறையே பொருத்தம் என்பது என் கருத்து. ஏனெனில் அவரை எடுக்காதிருந்தால் அந்த வரி இருந்திருக்காது.

9.7 கோடியைத் தேற்ற, டாலருக்கு 53 சென்ட் நிற்கும் அணி ஆண்டுக்கு 18 கோடி டாலர் கூடுதல் உள்ளூர் வருவாய் ஈட்ட வேண்டும். அவ்வளவு வந்ததா? இங்கேதான் உறுதியான நிலம் முடிகிறது. செய்திகளில் உலவும் மதிப்பீடுகள் ஒன்றோடொன்று பெரிதும் முரண்படுகின்றன. என் கணிப்பு, அவரால் நேரடியாக வந்த விளம்பரமும் சீட்டு விலை உயர்வும் தனியே 18 கோடியை எட்டுவது கடினம் என்பது. ஆனால் 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் மேஜர் லீகின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை டாட்ஜர்ஸ் வென்றதால் வந்த வருவாயில் அவருக்குரிய பங்கையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும், லாபத்திலும் முடியலாம். பட்டத்துக்காக அக்டோபரில் நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களின் சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி ஒவ்வொரு சுற்றின் முதல் சில ஆட்டங்களுக்கு வீரர்களின் பொதுத் தொகுப்புக்குப் போய்விடுகிறது என்றாலும், அடுத்த பருவத்துக்கான சீட்டு விற்பனையில் வெற்றியின் பலன் தங்குகிறது.

டாட்ஜர்ஸுக்கு லாபம் என்று நான் நினைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியும் ஏறக்குறைய இதே தொகையையும் இதே ஒத்திவைப்பையும் ஏற்கத் தயாராக இருந்ததாக அவர்களே பின்னர் தெரிவித்தார்கள். ஏலத்தில் ஒரு பொருளை எல்லாரும் ஒரே அளவு மதித்தால், வென்றவர் அதன் மதிப்பு முழுவதையும் கொடுத்துத்தான் வாங்க நேரிடும். மிகையாக மதிப்பிட்டவரே வெல்வதால் பல சமயம் மதிப்புக்கு மேலும் கொடுத்துவிடுவார். ஆனால் ஜப்பானிய ரசிகர் கூட்டம், பெரிய நகரம், ஏற்கெனவே வெல்லும் அணி என்ற மூன்றும் சேர்ந்த டாட்ஜர்ஸ், அவரிடமிருந்து மற்ற அணிகளால் பெற முடியாத வருவாயைப் பெற முடியும் என்னும் நிலையில், மற்றவர் தரத் தயாராக இருந்த விலைக்கே அவரை வாங்கியது. அந்த இடைவெளிதான் லாபம். ஆகவே எந்த ஒப்பந்தத்தைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும், வீரர் எவ்வளவு பெரியவர் என்பதைவிட, வாங்கும் அணியிடம் அவரைப் பயன்படுத்திக்கொள்ள மற்றவர்களிடம் இல்லாத எது இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

இந்தத் துறையின் ஆய்வு தொடங்கியது நேர் எதிர்த் திசையிலிருந்து. ஜெரால்ட் ஸ்கல்லி என்ற பொருளாதார அறிஞர் 1974இல், வீரரின் ஆட்டம் அணியின் வெற்றிகளை எவ்வளவு கூட்டுகிறது, வெற்றிகள் வருவாயை எவ்வளவு கூட்டுகின்றன என்று இரு படிகளாகக் கணக்கிட்டு, வீரர்கள் தாங்கள் ஈட்டித் தருவதில் ஒரு சிறு பகுதியையே சம்பளமாகப் பெறுகிறார்கள் என்று காட்டினார். அன்று வீரர் விரும்பினாலும் வேறு அணிக்குப் போக முடியாது. 1975 டிசம்பரில் மெசர்ஸ்மித், மெக்நாலி என்ற இரு வீரர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்புக்குப் பின்புதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. இன்றும் முழு விடுதலை இல்லை. மேஜர் லீகில் ஆறு ஆண்டுகள் ஆடி முடித்த பிறகே ஒருவர் விரும்பிய அணியோடு பேரம் பேச முடியும். முதல் மூன்று ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே நகர்கின்றன. அணிக்கு நட்சத்திரத்தால் உறுதியாக லாபம் வரும் காலம் அதுவே. இதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஓட்டானியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் அவர் அனாஹெய்மில் இருக்கும் ஏஞ்சல்ஸ் அணிக்கு வந்தபோது வயது 23. இளம் வெளிநாட்டு வீரர்களுக்கான ஊக்கத்தொகைக் கட்டுப்பாட்டால் அவருக்குக் கிடைத்தது 23 லட்சம் டாலர். அவரை விடுவித்த ஜப்பானிய அணியான ஹொக்கைடோ நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸுக்கு 2 கோடி டாலர். முதல் ஐந்து ஆண்டுகளின் சம்பளம் மொத்தமும் சேர்ந்தே ஏறத்தாழ ஒரு கோடி. ஆறாம் ஆண்டில்தான் 3 கோடி. 2021இலும் 2023இலும் லீகின் சிறந்த வீரர் விருதைப் பெற்ற ஒருவருக்கு இது மிக மலிவு. அதே ஆறு ஆண்டுகளில் ஏஞ்சல்ஸ் ஒரு பருவத்தில்கூடத் தோல்விகளைவிட அதிக வெற்றிகளைப் பெறவில்லை, பிளேஆஃபுக்குப் போகவும் இல்லை. கவனிக்க வேண்டியது, அவர் விலகிய பிறகும் 2024இல் கூட்டம் சரிந்துவிடவில்லை. 2023இல் 26 லட்சமாக இருந்தது சற்றே குறைந்தது. மலிவாகக் கிடைத்ததாலும் விளம்பரத்தாலும் அவர்கள் லாபம் கண்டார்களே தவிர, கூட்டத்தால் அல்ல.

டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 2000 டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிகெஸுக்குக் கொடுத்த ஒப்பந்தம் இதற்கு எதிர்முனை: பத்து ஆண்டுகள், 25.2 கோடி டாலர். உரிமையாளர் டாம் ஹிக்ஸ் இரண்டே ஆண்டுகளுக்கு முன் முழு அணியையும் வாங்கிய விலை 25 கோடி. ரோட்ரிகெஸ் ஏமாற்றவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2001இல் 52 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது), 2002இல் 57, 2003இல் 47, அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது. ஆனால் பந்து வீச்சாளர்கள் பலவீனமாக இருந்த அணி மூன்று ஆண்டும் தன் பிரிவில் கடைசி இடத்தில் முடிந்தது. முதல் ஆண்டில் 28 லட்சமாக உயர்ந்த கூட்டம் 2003இல் 21 லட்சத்துக்கு இறங்கியது. 2004இல் அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு அனுப்பியபோது, மிச்சமிருந்த 17.9 கோடியில் 6.7 கோடியைத் தாங்களே கட்டுவதாக ரேஞ்சர்ஸ் ஒப்புக்கொண்டது. அவர் இல்லாத அந்தப் பருவத்தில் அணி 89 ஆட்டங்களை வென்றது, கூட்டம் மீண்டும் 25 லட்சமானது. புதுமைக்காக வரும் கூட்டம் ஓராண்டு நிற்கும். அதன் பிறகு வெற்றி வேண்டும். எழுபதிலிருந்து எழுபத்தைந்து வெற்றிக்குப் போவது அனேகமாக ஒன்றும் தராது, எண்பத்தைந்திலிருந்து தொண்ணூறுக்குப் போவதுதான் பணம்.

இதற்கு மாறாகத் தோன்றும் ஓர் எடுத்துக்காட்டையும் மறைக்கக் கூடாது. பிலடெல்பியா ஃபில்லீஸ் 2019 மார்ச்சில் பிரைஸ் ஹார்பரை 13 ஆண்டுகளுக்கு 33 கோடிக்கு எடுத்தது. அணி 2018இல் 80 ஆட்டங்களையும் 2019இல் 81 ஆட்டங்களையும் வென்றது. ஒன்றே ஒன்றுதான் கூடுதல். ஆனால் கூட்டம் ஏறத்தாழ 21.6 லட்சத்திலிருந்து 27.3 லட்சமானது. கூடுதலாக வந்த ஒவ்வொருவரும் 50 டாலர் செலவிட்டதாக வைத்துக்கொண்டால் 2.85 கோடி, பகிர்வு போக ஒன்றரைக் கோடி. அவருடைய ஆண்டுச் சராசரிச் சம்பளம் 2.54 கோடி என்பதால் பாதிக்கு மேல் வாசலிலேயே வந்துவிட்டது. இந்த 50 டாலர் என் அனுமானம் மட்டுமே. மேலும் அதே குளிர்காலத்தில் ரியல்மூட்டோ, மெக்கட்சன் போன்ற வீரர்களும் அந்த அணிக்கு வந்தார்கள், ஆகவே முழுப் பெருமையையும் ஹார்பருக்குக் கொடுக்க முடியாது. பின்னர் 2022இல் அணி வேர்ல்ட் சீரிஸ் வரை போனதும் 2023இல் கூட்டம் 30 லட்சத்தைத் தாண்டியதும் சேர்ந்து, இந்த ஒப்பந்தத்தை நல்ல ஒப்பந்தங்களின் வரிசையில் வைக்கின்றன. நீண்ட நாள் தோல்வியால் காலியாகக் கிடந்த இருக்கைகள் அங்கே ஏராளம் இருந்தன என்பதும் முக்கியம். டாட்ஜர்ஸிடம் அவை இல்லை. 1920இல் பாஸ்டன் ரெட் சாக்ஸிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு பேப் ரூத்தை வாங்கிய யாங்கீஸின் கூட்டம் ஓராண்டில் 6 லட்சத்திலிருந்து 12 லட்சத்துக்கு மேல் பெருகியது. அன்று வருவாயின் பெரும்பகுதி வாசலில்தான் வந்தது என்பதால் அந்த லாபத்தில் பெரும்பகுதி அணியிடமே தங்கியது.

வயதையும் காயத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் அவை அனைவருக்கும் தெரிந்தவை. ஆறு ஆண்டுகள் முடித்துச் சந்தைக்கு வரும் வீரருக்கு வயது முப்பதை நெருங்கியிருக்கும். ஆட்டத்தின் உச்சம் அதற்குமுன் கழிந்துவிடுவது வழக்கம். 2011இல் ஆல்பர்ட் பூஹோல்ஸுக்குப் பத்து ஆண்டுகளுக்கு 24 கோடி கொடுத்த ஏஞ்சல்ஸ், அந்த ஒப்பந்தம் முடியுமுன்பே 2021 மே மாதம் அவரை விடுவித்தது. இடையில் பிளேஆஃப் ஒரே முறை. அவர் வந்த அதே மாதத்தில் தொலைக்காட்சி உரிமையை 20 ஆண்டுகளுக்கு மிகப் பெரிய தொகைக்கு விற்றார்கள் என்பதைக் காட்டி அதை லாபம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர் பெயர் பேரத்துக்கு உதவியிருக்கலாம், ஆனால் அந்தக் காலத்தில் எல்லா அணிகளின் உரிமையும் விலை ஏறிக்கொண்டிருந்தது. வாஷிங்டன் நேஷனல்ஸ் 2019இல் பந்து வீச்சாளர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 24.5 கோடி கொடுத்தது. அதன் பிறகு அவர் வீசியது எட்டு ஆட்டங்களில்.

அணியின் விற்பனை மதிப்பு உயர்வதைச் சேர்த்தால் எல்லாம் லாபமே என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஹிக்ஸ் 25 கோடிக்கு வாங்கிய ரேஞ்சர்ஸ், கடனில் மூழ்கி 2010இல் திவால் நீதிமன்றத்தின் ஏலத்தில் விற்கப்பட்டபோதுகூட இரு மடங்குக்கு மேல் விலை போனது. அந்த ஏற்றம் லீக் முழுவதன் ஒளிபரப்பு வருவாயால் வந்தது. ரோட்ரிகெஸ் அந்தத் திவால் வழக்கில் நின்றது கடன்காரராக. பிணையில்லாக் கடன்களில் பெரியது அவருக்குத் தர வேண்டிய ஒத்திவைத்த சம்பளம்தான்.

மற்றொரு நட்சத்திர வீரரான ஹுவான் சோட்டோவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அவருக்கு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்தது. ஒத்திவைப்பு எதுவும் இல்லை, ஆகவே ஓட்டானியின் ஒப்பந்தத்தைவிட இதன் உண்மை விலை வெகுதூரம் கூடுதல். 2025இல் மெட்ஸ் பருவத்தின் கடைசி நாளில் பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது. ஓராண்டை வைத்து அதை நட்டம் என்று சொல்ல மாட்டேன். என்னை உறுத்துவது வேறோர் உட்பிரிவு: 2029க்குப் பிறகு சோட்டோ விரும்பினால் விலகிக்கொள்ளலாம், அதைத் தடுக்க வேண்டுமானால் மீதிப் பத்து ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு 40 லட்சம் வீதம் அணி கூட்டித் தர வேண்டும். அவர் சிறப்பாக ஆடினால் விலை 4 கோடி கூடும் அல்லது அவர் போய்விடுவார். சரிந்தால் பழைய விலைக்கே 2039 வரை இருப்பார். அதாவது அவர் எதிர்பார்ப்பை மிஞ்சினால் வரும் ஆதாயத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே விற்கப்பட்டுவிட்டது. அந்த உட்பிரிவுக்கு ஒரு விலை உண்டு, அதை மெட்ஸ் ஏற்கெனவே செலுத்தியாயிற்று.